கோடு போன திசை

புயலில் சிக்கிய படகு மிதந்து போனதை மற்ற படகுக்காரர்கள் பார்த்த இரண்டு இடங்களை, கருங்கல் ஊரின் ஃபிளெக்ஸ் பேனர் கடையில், தான் வேலை செய்யும் கம்ப்யூட்டரில், கடல் வரைபடத்தின் மேல் கோடாக இணைத்தாள் ரெஜிஷா. படகில் இருந்தவன் அவள் கணவன் ஆன்ட்ரூஸ். சாய்வு மாறாமல் கோட்டை நீட்டினாள். அது அந்தப் பக்கம் இருந்த ஒரே தீவைத் தொடாமல் நடுக்கடலுக்குப் போனது.

"கோடு எங்க மக்களே போவுது?" என்றாள் பக்கத்தில் இருந்த மாமியார் சூசம்மாள். புயல் அடித்த நாளிலிருந்து அவள் சோற்றைத் தொடவே இல்லை.

ரெஜிஷா கோட்டை லேசாகத் திருப்பினாள்.

"தீவுக்குத்தான் மாமி. அவிய அங்க ஏறியிருப்பாவ."

"அப்ப கொண்டுவந்த சோத்தை எடு."

இருவரும் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது மாமியார் மெல்லச் சொன்னாள்:

"நீ கோட்டைத் திருப்பினதைப் பாத்தேன் மக்களே. நான் தின்னாத்தானே நீ தின்னுவ. வயித்துல அவனுக்க பிள்ளை கெடக்குல்லா."