முதலில் பார்த்த மரங்கொத்தி

மழை அபூர்வமான ஒரு மலைக்காட்டில், உச்சியிலிருந்த பைன் மரத்தில் பொந்து குடைந்து குடியிருந்து, காட்டுத்தீ வருகிறதா என்று காவல் பார்த்தது ஒரு மரங்கொத்தி. போன கோடையில் அது கத்தியதால்தான் காடு பிழைத்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். இந்தக் கோடையில் தீயே வரவில்லை.

"ஒரு சின்னப் புகைகூட இல்லையே!" என்று முயலிடம் அலுத்துக்கொண்டது.

"நல்லதுதானேண்ணே?"

"உனக்கு நல்லது. என்னை யாரு இப்ப திரும்பிப் பாக்குறா?"

மறுநாள் அது ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது, மழையில்லாமல் இடி மட்டும் விழுந்தது. மேலே புகை கிளம்பியது. மரங்கொத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தீ! தீ! நான்தான் முதல்ல பாத்தேன்!" என்று காடெங்கும் பறந்து கூவியது.

"எங்கண்ணே?" என்றது முயல்.

"உச்சியில, அந்தப் பைன் மரத்து..." சொல்லும்போதே அதற்கு உறைத்தது. அதன் குஞ்சுகள் அந்தப் பொந்தில்தான் இருந்தன.

அது புகைக்கும் தீக்கும் நடுவே பொந்துக்குப் பாய்ந்தது. முயலும், கூவல் கேட்டு வந்த கரடியும் பின்னாலேயே ஓடிப்போய் மண்ணை வாரி இறைத்து, மரத்தடிச் சருகில் பற்றிய தீயை அணைத்தன. குஞ்சுகள் தப்பின. வால் கருகிய மரங்கொத்தி அவற்றை அணைத்துக்கொண்டு அழுதது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கரடியின் காதருகில் மெதுவாகக் கேட்டது:

"இருந்தாலும், முதல்ல பாத்தது நான்தானே?"