சாவிக்காரர் இருந்த இடம்

சுவரில் படம் வரைய வந்த அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம்கூட நன்றி இல்லை என்று குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு.

பேசியதிலும் தப்பில்லை. மூன்று வாரமாக அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டவர் சாவிக்காரர். வெயில் ஏறினால் தன் பெரிய குடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதரைத்தான் அவள் ஒரே மத்தியானத்தில் பட்டை பிரஷ்ஷால் அழித்துவிட்டாள்.

நிஜத்தில் அல்ல, படத்தில்.

குடியிருப்பின் தெருப்பக்கச் சுவரை ஒட்டி, பதினோரு வருஷமாக உட்கார்ந்து டூப்ளிகேட் சாவி போட்டுக் கொடுப்பவர் அவர். நகரத்தில் சுவரோவியப் போட்டி அறிவித்ததும், சங்கச் செயலாளர் அந்தப் பெண்ணை அழைத்து வந்தார். அவள் அந்தத் தெருவையே சுவரில் வரைந்தாள். அவர் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால், நடுநாயகமாகச் சாவிக்காரர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சாவியை அரத்தால் ராவுகிற மாதிரி.

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். மனைவியை அழைத்து வந்து காட்டினார். வீட்டில் இருப்பதைவிட இதில் களையாக இருக்கிறார் என்றார் அந்தம்மா.

செயலாளருக்கும் படம் பிடித்துவிட்டது. பிடித்ததில்தான் வில்லங்கமே வந்தது.

"அருமையா வந்திருக்கு. ஆனா நீங்க இங்க உட்கார்ந்தா படம் மறையுதே" என்றார் சாவிக்காரரிடம். "வேற இடம் பாத்துக்குங்க. வருத்தப்படாதீங்க, அதான் சுவத்துல இருக்கீங்களே. என்னைக்கும் இருப்பீங்க."

சுற்று வட்டாரத்தில் சாவி தொலைத்தவர்கள் எல்லாரும் தேடி வருவது அந்த இடத்துக்குத்தான். வேறு இடம் என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாவிக்காரர் தலையாட்டினார். ஏணியில் நின்ற பெண் கேட்டுக்கொண்டே பிரஷ்ஷைத் துடைத்தாள்.

மறுநாள் அவள் ஒரு டப்பா மஞ்சளைக் கலந்து எடுத்து வந்து அவர் உருவத்தின் மேல் பூசினாள். குடை போனது, கண்ணாடி போனது, அரம் பிடித்த கை போனது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் மஞ்சள் மிஞ்சியது. அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குடையை மடக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பின்பக்கம் போய்விட்டார்.

"ஏணி பிடிச்ச மனுஷனை இப்படியா பண்றது?" என்று செயலாளரின் மனைவி நேராகவே கேட்டாள்.

"படத்துக்கு அது தேவைப்படுதுக்கா" என்று மட்டும் சொன்னாள் அவள். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து அவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட வரவில்லை.

செயலாளர் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியாவது வரையச் சொன்னார். கொஞ்சம் இடம் விட்டால்தான் படம் மூச்சு விடும் என்றாள் அவள். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போய், சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் தன் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டார்.

மீதி நாட்களில் அவள் என்னென்னவோ செய்தாள். தெரு ஓரத்துக் கோட்டை இழுத்துச் சாய்த்தாள். மரக்கிளையை வளைத்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைத் திருப்பினாள். சுற்றிலும் நீலத்தை அடர்த்தியாக ஏற்றினாள். கோபத்தில் இருந்தவர்கள் யாரும் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

போட்டி நாளன்று நடுவர் வந்தார். அதிகம் சிரிக்காத, வயதான அம்மாள். சுவருக்கு முன் நின்றார். பின்னால் நகர்ந்தார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இங்க யார் இருந்தது?"

செயலாளர் விழித்தார். "காலியாத்தான் விட்டிருக்கோம்மா. இடம் விட்டாத்தான் படம் மூச்சு..."

"இது காலி இடம் இல்லை. யாரோ எழுந்து போன இடம். தெருக்கோடு இங்க வருது, கிளை இங்க குனியுது, அந்தப் பொண்ணு இங்கதான் பாக்குறா. இவ்வளவு நீலத்துக்கு நடுவுல மஞ்சளை வச்சா கண்ணு வேற எங்க போகும்? வந்து பாத்தா ஆளைக் காணோம். ஆள் இல்லாம இதுக்கு நான் எப்படி மார்க் போடறது?"

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்த பிறகு யாராலும் கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை வாதாடாமல், கோடும் நிறமும் வைத்தே இத்தனையும் செய்தவள் ஓரமாக பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி.

செயலாளர் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். ஓடிப் பழக்கமில்லாதவர். திரும்பி வரும்போது ஒரு கையில் சாவிக்காரரின் பெட்டி, இன்னொரு கையில் குடை. உங்கள் இடம் இது, உங்களைத் தவிர யார் உட்கார முடியும் என்று சொல்லி ஸ்டூலை அவரே துடைத்துப் போட்டார். சாவிக்காரர் உட்கார்ந்து குடையை விரித்தார். அந்த மஞ்சளில் அவர் அப்படியே பொருந்திப் போனதைப் பார்த்து, செயலாளரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் பரிசு கிடைத்தது. அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்வரைதான் இது பரிசு பெற்ற படம் என்று நடுவர் தாளில் ஒரு வரி சேர்த்து எழுதினார். செயலாளர் அதில் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் சாவிக்காரர் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"முதல்ல வரைஞ்சதை அப்படியே விட்டிருக்கலாமேம்மா. என் வீட்டுக்காரிக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது."

"உங்க படம் இருந்ததாலதான் அண்ணே, உங்களைப் போகச் சொல்ல அவங்களுக்குக் கூச்சமே இல்லாம போச்சு."