மருதாணிக் கிண்ணம்

எஸ்தர் மருதாணிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே மாப்பிள்ளையின் அம்மா இந்திராதேவியிடம் வந்தாள்.



அமெரிக்காவின் குபெர்டினோவில் எஸ்தரின் வீட்டுக் கூடம் முழுக்க மெத்தைகளும் பெண்களும். நடுவில் பச்சை வெல்வெட்டில் பொன்சரிகை போட்ட அங்கியோடு மிர்யாம். பக்கத்தில், மாப்பிள்ளை என்ற உரிமையில், கஜீவன். நாளை மறுநாள் கல்யாணம்.

மிர்யாமின் தாய் எஸ்தர் மொரோக்கோவில் பிறந்த யூதப் பெண். அங்கே அவளோடு ஒரே தெருவில் வளர்ந்த அரபுத் தோழி ஒருத்தி வந்திருந்தாள். கைமேளம் தட்ட ஒரு பெர்பர் பெண்ணும் வந்திருந்தாள். மூன்று பேரும் ஒரே இடத்தில் கும்பிடுகிறவர்கள் அல்ல. ஆனால் மருதாணி ஒன்று, அதன் சட்டமும் ஒன்று.

மணமகளின் உள்ளங்கையில் முதல் மருதாணியை வைப்பவள், கணவன் உயிரோடு இருப்பவளாக இருக்க வேண்டும். அவளுடைய வாழ்வு அந்தக் கையில் ஒட்டிக்கொள்ளுமாம். எஸ்தர் கணவனை இழந்து ஐந்து வருஷம். ஆகவே அந்த மரியாதை சம்பந்திக்கு.

இந்திராதேவிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மணமக்களுக்கு ஆலாத்தித் தட்டுச் சுற்றவும் இதே சட்டம்தான்.

கஜீவனின் அப்பா வரதராஜா, தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் சைக்கிளில் கடைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. பதினாறு வயது மகனை இழுத்துக்கொண்டு இந்திராதேவி அமெரிக்கா வந்து சேர்ந்தாள். பத்து வருஷம் ஆகிவிட்டது.

யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். வருவார்.

அந்தச் சொல்லை அவள் சொல்கிற விதமே தனி. ஐந்து மணி பஸ் ஐந்து பத்துக்கு வரும் என்பது போலச் சொல்வாள். நெற்றியில் குங்குமம் ஒருநாளும் குறைந்ததில்லை. தாலிக்கொடி சேலைக்கு வெளியேதான் கிடக்கும். சான்டா கிளாராத் தமிழர்கள் முதுகுக்குப் பின்னால் எதையாவது முணுமுணுத்திருப்பார்கள். முகத்துக்கு நேரே மூச்சு விட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

கஜீவனும் நம்பினான். உண்மையைச் சொன்னால், அம்மாவை நம்பினான். அவள் நம்புகிறவரைக்கும் தானும் நம்பலாம் என்று ஒட்டிக்கொண்டு வந்தான். நடுவில் பல தடவை கைநழுவப் பார்த்தது. அப்போதெல்லாம் அவளுடைய அந்த ஒரு சொல்லைக் கேட்டு மறுபடி பிடித்துக்கொண்டான்.

இப்போது கிண்ணம் அவளுக்கு முன்னால் நின்றது.

அம்மா வாங்கினால் அப்பா இருக்கிறார். கஜீவனுக்குக் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. கிண்ணத்தை வாங்குங்கோ அம்மா, வாங்குங்கோ என்று மனசுக்குள் கெஞ்சினான். அப்படி அவன் சாமியிடம்கூடக் கெஞ்சியதில்லை.

இந்திராதேவி எழுந்தாள். முந்தானையில் கைகளைத் துடைத்தாள். மிர்யாமைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருந்தும் சிரித்துக்கொண்டு, வலது கையை விரித்து நீட்டி வைத்திருந்தது.

அம்மா கையை நீட்டினாள். கிண்ணத்தைத் தொட்டும் விட்டாள்.

பிறகு திரும்பி, பின்னால் நின்ற புஷ்பவல்லியின் முழங்கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். கோயம்புத்தூர்க்காரி, பக்கத்து அபார்ட்மென்ட். அவள் புருஷன் வெள்ளியங்கிரி தோட்டத்தில் ஆறாவது கிளாஸ் புதினாத் தேநீரோடு, உயிருக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"எஸ்தர், மை ஹஸ்பண்ட் இஸ் டெட். லெட் ஹர் டூ இட்."

பந்தியில் இந்தப் பக்கம் சோறு வரவில்லை என்று சொல்கிற அதே குரல்.

கைமேளம் நின்றது. எஸ்தர் ஒரு கணம் இந்திராதேவியின் முகத்தையே பார்த்தாள். தானும் அதே இடத்தில் நிற்கிறவள் அல்லவா. கிண்ணத்தைப் புஷ்பவல்லியின் கையில் வைத்தாள்.

மிர்யாமின் உள்ளங்கையில் மருதாணி விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

பெண்கள் எல்லோரும் மணமகளைச் சூழ்ந்துகொண்டார்கள். கஜீவன் தள்ளப்பட்டு, சுவரோரமாக அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வந்தது கோபமா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் நம்பிக்கையைக் கைவிட்டது இந்த நிமிஷத்தில்தான் என்று நினைத்தான். யாரோ வீட்டுச் சடங்குக்காக, யாரோ பெற்ற பிள்ளைக்காக, அப்பாவை இப்படிச் சட்டென்று முடித்துவிட்டாளே.

"அவர் இல்லையெண்டு உங்களுக்கு என்னம்மா நிச்சயம்?"

இந்திராதேவி மிர்யாமின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ காலேஜுக்கெண்டு எஸ்.ஏ.டி. சோதனை எழுதின அண்டைக்கு, விடியக்காலமை ஊரிலயிருந்து போன் வந்தது. அப்பாவின்ர உடம்பை எடுத்து எரிச்ச ஆளே கதைச்சவன்."

அது தொண்ணூற்றொன்று, நவம்பர். அந்தக் காலையில் அம்மாதான் பழைய டொயோட்டாவில் அவனைச் சோதனை நடந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். வழி நெடுக, அப்பா வந்ததும் எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம் என்றே பேசிக்கொண்டு போனாள்.