சந்தேகம் சார்

“பாருங்க, மறுபடியும் கையைத் தூக்கிட்டாரு!”

நாற்காலி வரிசையில் ஓர் அம்மா, பக்கத்தில் இருந்த அம்மாவின் காதைக் கடித்தாள்.

இசை அருங்காட்சியகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு. பன்னிரண்டு பிள்ளைகள் பாயில். துணைக்கு வந்த பெரியவர்கள் சுவரோரம் நாற்காலியில். கை தூக்க வேண்டியவர்கள் பாயில் இருப்பவர்கள்தான். ஆனால் தூக்கியது நாற்காலியில் இருந்த ஒரு டெய்லர்.

“டீச்சர், ஒரு சந்தேகம்...”

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வாரமாக இதே கதை. வகுப்பில் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘சந்தேகம் சார்’தான்.

மேஜைமேல் நீளமான ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஒரே ஒரு கம்பி. கம்பிக்கு அடியில் இப்படியும் அப்படியும் நகர்த்த ஒரு சின்னக் கட்டை.

“கட்டையை நடுவுல வச்சா அதே சுரம் மேல கேக்குதுன்னு சொன்னீங்க. மூணுல ஒரு பங்கு தள்ளி வச்சா என்ன ஆகும் டீச்சர்?”

கேட்டதோடு நிற்கவில்லை. எழுந்து வந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக் கம்பியை அளக்கவே ஆரம்பித்துவிட்டார். சட்டைக்கு அளவெடுக்கிற மும்முரம்.

“சார்! பெரியவங்க துணைக்கு மட்டும்தான். பிள்ளைங்க கேக்கட்டுமே!”

“மன்னிச்சுக்குங்க டீச்சர். வீட்டுல பாப்பாவுக்கு நான்தானே சொல்லிக் குடுக்கணும், அதான்...”

அசடு வழியப் போய் உட்கார்ந்தார்.

அந்தப் பாப்பாவுக்குப் பத்து வயது. அப்பா கம்பியை அளந்த நேரத்தில் அவள் ஒரு கொட்டாவியை முடித்து அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகத்தில் எட்டு வாரமாக ஒரு வரி எழுதவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பல்லிதான். போன வாரம் எல்லோரும் ஆளுக்கொரு தாளம் தட்டியபோது, இவள் மட்டும் மேளத்தைத் திருப்பித் திருப்பித் தோலைப் பார்த்துவிட்டு, “இது எந்த மிருகத்தோடது?” என்று கேட்டாள்.

தன் ஆசையைப் பிள்ளை தலையில் கட்டுகிற அப்பாக்களை டீச்சர் எத்தனையோ பார்த்திருக்கிறாள். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அடுத்த பருவத்துக்கு இடம் கேட்டு ஏழு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இன்றைக்குள் பட்டியலை ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். இவள் பெயரை அடித்துவிட்டால் இவளுக்கும் விடுதலை, ஆசையோடு வரும் ஒரு பிள்ளைக்கும் இடம். இதில் என்ன தப்பு?

வகுப்பு முடிந்தது. டெய்லர் தயங்கித் தயங்கி வந்தார்.

“டீச்சர், பக்கத்து ரூம்ல முன்பலகையைக் கழட்டி வச்சிருக்கற பியானோவை ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன். உள்ள சுத்தியலெல்லாம் எப்படி அடிக்குதுன்னு... பாப்பாவுக்குச் சொல்லணும்ல?”

“தாராளமா பாருங்க” என்று அனுப்பிவிட்டு, டீச்சர் பட்டியலும் பேனாவுமாக பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“உண்மையைச் சொல்லும்மா. உனக்குப் பாட்டு, வாத்தியம் எல்லாம் பிடிக்குமா?”

அவள் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தாள். அப்பா இல்லை.

“இல்ல டீச்சர்.”

“கொஞ்சம்கூடவா?”

“ம்ஹூம். எனக்குப் பல்லி, பூரான், தேள் இதெல்லாம்தான் பிடிக்கும்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த அப்பாமேல் கோபமும் வந்தது.

“பாவம்மா நீ. இனிமே கவலைப்படாதே. அடுத்த பருவத்துலேருந்து உன் பேரை எடுத்துடறேன். அப்பாகிட்ட நானே பக்குவமா பேசிக்கறேன். செவ்வாய்க்கிழமை நீ பாட்டுக்குப் பூச்சி பிடிச்சுக்கிட்டு ஜாலியா இரு. சரியா?”

துள்ளிக் குதிப்பாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள். அவளோ பதறிப்போய் டீச்சரின் பேனாவையே பிடித்துக்கொண்டாள்.

“ஐயையோ, எடுத்துடாதீங்க டீச்சர்! இனிமே கொட்டாவி விடமாட்டேன். பல்லி வரையமாட்டேன். வேணும்னா நானும் கையைத் தூக்கி ஏதாவது கேக்கறேன்!”

“பிடிக்கலைங்கறே, அப்புறம் எதுக்குடா இந்தப் பாடு? அப்பா திட்டுவாரா?”

“எங்கப்பாவா? அவருக்குத் திட்டவே வராது.”

பக்கத்து அறையிலிருந்து ‘டொய்ங்’ என்று ஒரே ஒரு பியானோ சத்தம். தொடர்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஒரு மனிதர் தனக்குள் சிரித்துக்கொள்ளும் சத்தம்.

பாப்பா குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொல்றதை அப்பாகிட்ட சொல்லிடக் கூடாது. பாட்டு கத்துக்கணும்னு அவருக்குத்தான் ரொம்ப நாளா ஆசை. என்னையும் கூட்டிக்கிட்டு இங்க ஆபீஸ்ல வந்து கேட்டாரு. பெரியவங்களுக்கு வகுப்பே கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க. திரும்பிப் போறப்போதான் வாசல்ல உங்க போர்டைப் பாத்தேன். வீட்டுல படிக்கற பிள்ளைகளுக்கு வகுப்பு, துணைக்கு ஒருத்தர் கூட வரலாம்னு போட்டிருந்துச்சு. உடனே, ‘எனக்குப் பாட்டுன்னா உயிருப்பா’ன்னு சொல்லிட்டேன். நான் பாயில உக்காந்தாத்தானே டீச்சர், எங்கப்பாவை நாற்காலியில உக்கார விடுவீங்க?”