யாருக்குச் சளி

இரண்டாவது அடியில் ரெக்ஸ்லினின் உதடு கிழிந்தது.

"பிள்ளைய ஏம்ல முத்துன? சளியோட ஏம்ல முத்துன?"

அவள் கணவன் சில்வஸ்டர், தன் தம்பி ரெக்ஸ்லினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் மோதினான்.

மறுபடியும் மோதினான்.

அவள் பின்னாலேயே ஓடிவந்து வராந்தாவில் நின்றாள். உள்ளே, குழந்தைகள் வார்டில், அவளுடைய நாற்பது நாள் மகள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குள் தோல் குழிந்தது. மூன்று நாளாகப் பால் குடிக்கவில்லை.

சற்று முன்புதான் டாக்டர் சொன்னார்.

"மழைக்காலத்துல வர்ற சாதாரண வைரஸ்தான். நமக்கு வந்தா வெறும் சளி. இத்தனை சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழாயை அடைச்சிடும். வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?"

சில்வஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டான்.

"யாரையும் குத்தம் சொல்ல முடியாதும்மா, ஊர் முழுக்க இருக்கு" என்று டாக்டர் முடித்ததை அவள் மட்டும்தான் கேட்டாள்.

ரெக்ஸ்லின் வியாழக்கிழமை கடலிலிருந்து வந்தான். தும்மிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டான். உண்மைதான்.

பிள்ளைக்குப் புதன்கிழமையே மூக்கு ஒழுகியது.

அவளுக்கு அதற்கு முந்தின ஞாயிறே தொண்டை கரகரத்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள்.

ரெக்ஸ்லின் வார்டு வாசலுக்குக் குறுக்கே விழுந்தான். சில்வஸ்டர் அவன் வயிற்றில் மிதித்தான்.

"விடுங்க! அவரு வர்றதுக்கு முன்னாலயே எனக்குச் சளி. நாந்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன்."

கால் நின்றது.

சில்வஸ்டர் திரும்பினான். கையை ஓங்கினான். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். கன்னம் தானாகவே விலகியது.

ரெக்ஸ்லினுக்கும் தெரியும். கிடந்தபடியே அண்ணனின் கைலியைப் பற்றி இழுத்தான்.

"மைனி பொய் சொல்றாவ. நாந்தாண்ணே. என்னைய அடி."

சில்வஸ்டர் அவளைப் பார்த்தான்.

"பொய்யா சொன்ன?"

அவள் வாய் திறந்தது.

மூடிக்கொண்டது.

மிதி விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. இன்னொன்று. வாட்ச்மேன் ஓடிவந்து சில்வஸ்டரைப் படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போகும்வரை விழுந்துகொண்டே இருந்தது.

அப்போது உள்ளே ஓர் அழுகை. மூன்று நாளில் முதல் முறையாக, முழுக்குரலில்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"வாம்மா, பிள்ளை பாலுக்கு அழுது. மாஸ்க்கைப் போட்டுட்டு வா."

மாஸ்க்கின் நாடாவைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் வார்டு வாசலுக்கு வந்தாள்.

ரெக்ஸ்லின் கண்ணைத் திறக்கவில்லை. முனகியபடி கால்களை மடக்கி, அவளுக்கு வழிவிட்டான்.