எந்த ஊர்ப் பேச்சு

வட இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸ் துறைமுகத்து வறுத்த மீன் கடையில் நண்பகல் வெயில் வினிகர் புட்டிகளில் மின்னுகிறது. படகுக்காரர் நார்மன் வரிசையில் முன்னால் நிற்கும் லண்டன்காரியிடம், "கொஞ்சம் ஒதுங்கிக்கிடுதியளா தாயி, உப்ப எடுக்கணும்லா" என்கிறார். அவள் திருதிருவென விழிக்கிறாள். எண்ணெய்ச் சட்டி அருகிலிருந்து, மீன் வறுக்கும் ஹலினா குரல் கொடுக்கிறாள். "அவியளுக்கு உப்பு வேணுமாம் தாயி, தள்ளி நில்லுங்க." லண்டன்காரி சிரித்துக்கொண்டே நகர்கிறாள். "நீங்களும் இந்த ஊர்ல பொறந்தவங்கதானே? பேச்சே சொல்லுதே!" ஹலினா போலந்திலிருந்து வந்து ஏழு வருடமாகிறது; இன்றும் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் முதலில் கேட்பது "எந்த நாடு?" என்றுதான். நார்மன் மேசையில் ஓங்கித் தட்டுகிறார். "பின்ன? எங்கூருப் பிள்ளைலா அவ!" வரிசை முழுவதும் சிரிப்பில் குலுங்குகிறது. சட்டியில் மீன் கருகுவதைக்கூடக் கவனிக்காமல், முகமெல்லாம் சிவக்க, ஹலினா லண்டன்காரியிடம் குனிகிறாள். "தாயி, இப்பச் சொன்னத இன்னொருக்கச் சொல்லுதியளா?"