மலையிறங்காத விடை

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைமேல் ஏறி, மகாராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கீழே காலை வெயிலில் போடிநாயக்கனூர் பளபளக்கிறது. அங்கே பள்ளிக்கூட வாசலிலிருந்து, பரீட்சைக்குப் போகுமுன் மகள் பவித்ரா கேட்கிறாள். "பன்னெண்டு ஏ ஸ்கொயர் பி, பதினெட்டு ஏ பி ஸ்கொயர். மீப்பெரு பொது வகுத்தி முப்பத்தாறு ஏ ஸ்கொயர் பி ஸ்கொயர். சரியாம்மா?" "இல்ல ஆத்தா, ரெண்டுலயும் இருக்கிறத மட்டும் எடு. ஆறு ஏ பி!" என்கிறாள் மகாராணி. "அம்மா? பேசும்மா." மகாராணி இன்னும் உரக்கக் கத்துகிறாள். காய் பறித்துக் கறுத்த விரல் காற்றில் ஆறு போடுகிறது. மகளின் மூச்சுகூட இங்கே தெளிவாகக் கேட்கிறது. இவள் குரல்தான் மலையிறங்க மாட்டேன் என்கிறது. "தப்புன்னா இந்நேரம் வஞ்சிருப்ப. அப்பச் சரிதான். மணியடிச்சிருச்சு, வச்சிர்றேம்மா."